கடைமடையில் மூன்று ஏக்கர்: நெல்லா, போரா, குட்டையா, இறாலா?

இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்குத் தலைஞாயிறு பக்கம் நிலம். இன்னொருவருக்குத் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே. மூன்றாமவர் கீழையூர் ஒன்றியத்தில் தனியாக விவசாயம் பார்க்கும் ஒரு அக்கா. மூவருக்கும் ஏழு மாவிலிருந்து ஒன்பது மா வரை, அதாவது மூன்று ஏக்கருக்குள். "ஒரு போகம் நெல்லே போதுமா, ஆழ்துளைப் போர் போட்டு ரெண்டு போகம் எடுக்கலாமா, குட்டை வெட்டலாமா, இல்லை இறாலுக்குக் குத்தகை கேட்கிறார்களே, விட்டுவிடலாமா?"

எங்கள் குடும்ப நிலமும், காவிரிக் கிளையான வெண்ணாற்றின் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் அதே கடைமடையில்தான் இருக்கிறது. அதனால் பொதுவான பதில் சொல்லி நழுவ மனம் வரவில்லை. நீளமாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

வருமானத்தை வைத்து ஆரம்பித்தால் இறால்தான் ஜெயிக்கும், அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. நான் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்வேன். வருமானம் அதில் நான்காவது.

நல்ல தண்ணீர் எத்தனை நாள் நிச்சயம்? மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. இரண்டுக்கும் 65 நாள் வித்தியாசம், குறுவை என்னும் குறுகிய கால நெற்பயிரின் பாதி வயதுக்கு மேல். 2023-இல் ஜூன் 12 அன்றே திறந்தும், அக்டோபர் 10-ஆம் தேதி அணையை மூடவேண்டி வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 177.25 டிஎம்சி என்ற கணக்கு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளப்பது. அங்கிருந்து மேட்டூர், கல்லணை, வெண்ணாறு, அதற்கப்புறம் முறை வைத்துத் திறக்கும் வாய்க்கால்கள் எல்லாம் தாண்டித்தான் நம் மடை. ஆகவே நல்ல வருஷத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். கடந்த பத்து வருஷத்தில் உங்கள் மடைக்குத் தண்ணீர் ரொம்பத் தாமதமாக வந்த வருஷம் எதுவோ, அதை வைத்துப் போடுங்கள்.

வந்த தண்ணீர் எத்தனை நாளில் வெளியேறும்? கடைமடையில் தண்ணீர் வராமல் கெட்டதைவிட, வந்தது போகாமல் கெட்டதுதான் அதிகம் என்பது என் அனுபவம். நாகப்பட்டினம் பக்கம் வருஷத்துக்கு 1300 மி.மீ.க்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். அந்த நேரம் கடல் மட்டமும் உயர்ந்திருந்தால் வடிகால் மதகான நீரொழுங்கியின் பலகையைத் தூக்கினாலும் தண்ணீர் போகாது. உங்கள் வயலில் முழங்கால் தண்ணீர் வடிய ஐந்து நாளா, பதினைந்து நாளா என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா? சித்திரையில் வரப்போரம் நடந்து பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, உமரிச் செடி முளைத்திருந்தாலோ உப்பு மேலே வந்துவிட்டது என்று பொருள். மண் பரிசோதனையில் இரண்டு எண்களைப் பார்க்கவேண்டும். உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமன் என்ற அளவுக்கு மேல் இருந்தால் உவர் நிலம். கார அமிலத்தன்மை (pH) 8.5-க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் களர் நிலம். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். உவருக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடித்தால் போதும். களருக்கு ஜிப்சம் போடவேண்டும், பிறகு கழுவவேண்டும். நெல்லைப் பொறுத்தவரை மண்ணின் உப்பு 3 டெசிசைமனைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது வேளாண் விஞ்ஞானத்தில் பழகிய கணக்கு.

பணம் எப்போது வரும், எதை அடகு வைத்து?

தப்பாகிவிட்டால் திரும்ப முடியுமா? இதோடு பக்கத்து வயலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வாய்க்கால், ஒரே வடிகால், கீழே ஒரே ஊற்று. நம் வரப்புக்குள் எடுக்கும் முடிவு அடுத்த வரப்புக்கும் சேர்த்து எடுக்கும் முடிவுதான்.

அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் அட்டவணை:

| வழி | நல்ல தண்ணீர் தேவை | முதல் செலவு | மண்ணில் உப்பு | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|
| சம்பா, பிறகு உளுந்து | நடுத்தரம், மழை பாதி தாங்கும் | குறைவு | வடிகால் இருந்தால் இறங்கும் | எப்போது வேண்டுமானாலும் |
| போர், இரண்டு போகம் | மிக அதிகம் | நடுத்தரம் | கடலோரத்தில் ஏறும் | போரை நிறுத்தலாம், ஊற்று மீளத் தாமதமாகும் |
| குட்டை, மேட்டுப் பாத்தி | மழையே போதும் | அதிகம் | மேட்டில் இறங்கும் | சிரமம், ஆனால் தேவைப்படாது |
| இறால் குத்தகை | உப்புநீர், கூடவே நல்ல தண்ணீரும் | நமக்கு இல்லை | கடுமையாக ஏறும் | பல வருஷம், பெரும் செலவு |
| தென்னை, சவுக்கு | குறைவு | நடுத்தரம் | பெரிதாக மாறாது | வெட்டி எடுக்கவேண்டும் |

## சம்பா ஒரு போகம், தையில் உளுந்து

பழைய வழி என்பதால் இதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். கடைமடையின் தண்ணீர்க் கணக்கோடு ஒத்துப்போகும் வழி இதுதான். ஆவணியில் புழுதி உழவு அடித்து நேரடியாக விதைத்துவிட்டால் நாற்றங்காலுக்காக ஆற்றுத் தண்ணீரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பயிர் மழையில் முளைத்து நிற்கும்போது தண்ணீர் வந்தால் லாபம்.

ரகத் தேர்வில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு சிஆர் 1009 சப் 1 போன்ற நீண்ட வயது ரகம். பயிர் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் குணத்தை அதில் சேர்த்திருக்கிறார்கள். களருக்குத் திருச்சியில் உருவான டிஆர்ஒய் 3. உவர் கண்ட வயலில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் குழியடிச்சானும் களர்பாலையும் விதைப்பார்கள். மூட்டை குறையும், ஆனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. நேரடி விதைப்பில் களை. முதல் 30 நாளுக்குள் களையைப் பிடிக்காவிட்டால் நாற்றங்காலில் மிச்சமான பணம் முழுக்க அதற்கே போய்விடும். அப்புறம் அறுவடை. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும், வாடகை கூடுதல். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில், அறுக்கவேண்டிய கதிர்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உளுந்தை அறுவடைக்குச் சில நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெற்பயிருக்குள் தெளிக்கவேண்டும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே அது விளைந்துவிடும். இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. வெயிலில் மண் வெறுமனே கிடந்தால் ஈரம் மேலே ஏறி ஆவியாகும், உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்கிவிடும். உளுந்து மண்ணை மூடி வைப்பதால் அந்த ஏற்றம் குறைகிறது.

வடிகால் வேலை செய்யும் நிலம், வெளியே ஒரு சம்பளமோ கூலியோ வரும் குடும்பம், கடன் வாங்க விருப்பமில்லாதவர்: இவர்களுக்கு இதுவே சரி. நிலத்தை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு போகம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

## போர் போட்டு இரண்டு போகம்

விவசாய மின்சாரம் இலவசம். அதனாலேயே போர்த் தண்ணீரும் இலவசம் என்று தோன்றிவிடுகிறது.

கடலோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கடல் நீர் சற்றுக் கனமானது, அவ்வளவுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வர வழி பிறக்கிறது. உடனே வராது, மெதுவாக வரும். அதனால்தான் முதல் இரண்டு வருஷம் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

எங்கள் வீட்டில் அது முதலில் அடுப்படியில்தான் தெரிந்தது. போர் போட்ட மூன்றாம் கோடையில் அம்மா, "துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது" என்றார். அப்பா பருப்பைக் குறை சொன்னார், கடையை மாற்றினார். அடுத்த கோடையில் குறுவை நாற்றங்காலின் இலை நுனிகள் கருகின. தண்ணீரைப் பரிசோதித்தபோதுதான் உப்பு ஏறியது தெரிந்தது. இன்னும் ஆழம் இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று போர் போட்டவர் சொன்னார். இறக்கினோம், வரவில்லை. அந்தக் கடனை அடைக்க நான்கு சம்பா ஆயிற்று.

எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லமாட்டேன். டெல்டாவில் சில இடங்களில் மேல் அடுக்கு உப்பாகவும் கீழ் அடுக்கு நல்ல தண்ணீராகவும் இருக்கிறது. அங்கே குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை மேல் அடுக்கு முடியும்வரை சிமெண்ட்டால் அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் மேலே இருக்கும் உப்பு குழாயோரமாகவே கீழே இறங்கி நல்ல அடுக்கையும் கெடுத்துவிடும். செலவு மிச்சம் என்று இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

கடலிலிருந்து தள்ளி, பக்கத்துப் போர்களில் பத்து வருஷமாகச் சுவை மாறாத ஊராக இருந்தால் போர் போடலாம். அப்போதும் முழு இரண்டாம் போகத்துக்காக வேண்டாம், மழையோ மடையோ தவறும்போது சம்பாவை இரண்டு நனைப்பில் காப்பாற்ற வைத்துக்கொள்ளுங்கள். வேதாரண்யம் மணல் மேட்டில் முல்லைப்பூ போடுபவர்கள் ஆழம் போகாமல், மணலில் தங்கிய மழைத் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றினார்கள். அந்த ஊற்றுக்கு அந்த அளவுதான் தாங்கும்.

## குட்டை வெட்டி, மேடு போட்டு

நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தோண்டி, எடுத்த மண்ணை மீதியில் போட்டு உயர்த்துவது. பள்ளத்தில் மழைத் தண்ணீரும் மீனும், நடுவில் நெல், மேட்டில் காய்கறி, கரையில் நாலு தென்னை. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில், நம்மைவிடத் தாழ்ந்த உப்பு நிலங்களில், கேனிங் நகரில் உள்ள மத்திய உவர் நில ஆராய்ச்சி மையத்தின் வழிகாட்டலில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்.

ஆனால் குட்டையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 100 அடிக்கு 100 அடி, 5 அடி ஆழம் என்றால் சுமார் 14 லட்சம் லிட்டர். கரைக்குச் சரிவு விட்டே ஆகவேண்டும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு. தையிலிருந்து வைகாசி முடிய நாளுக்கு 6 மி.மீ. ஆவியானால் 150 நாளில் 900 மி.மீ., அதாவது மூன்று அடி வானத்துக்குப் போய்விடும். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே இந்தக் குட்டையை நம்பி இரண்டாவது நெல் போட முடியாது. மாசி, பங்குனியிலேயே எடுத்து ஒரு ஏக்கர் உளுந்துக்கு இரண்டு மூன்று நனைப்பும், மேட்டுக் கத்தரி வெண்டைக்கு ஊற்றவும் கணக்காக இருக்கும். மிச்சத் தண்ணீரில் கட்லா, ரோகு வளரும்.

மூன்று தவறுகளை நேரில் பார்த்திருக்கிறேன். ஒன்று, ஆழம். எட்டு அடி, பத்து அடி என்று ஆசைப்பட்டால் கீழேயிருந்து உப்பு ஊறி, குட்டைத் தண்ணீர் வைகாசியில் கரித்துவிடும். இரண்டு, மேல்மண். முதலில் மேல் ஒரு அடி மண்ணைத் தனியாக ஒதுக்கி வைத்து, அடிமண்ணால் மேட்டை எழுப்பி, கடைசியில் மேல்மண்ணைப் பரப்பவேண்டும். அவசரத்தில் அடிமண் மேலே வந்துவிட்டால் இரண்டு வருஷத்துக்குப் புல்கூட ஒழுங்காக முளைக்காது. மூன்று, "மண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன், குட்டையைச் சும்மா வெட்டித் தருகிறேன்" என்று வருபவரிடம் மயங்குவது. அந்த மண்தான் உங்கள் மேடு. அது லாரியில் ஏறிப் போனால் உங்களுக்கு மிஞ்சுவது வெறும் பள்ளம்.

தண்ணீர் தேங்கும் பள்ள நிலத்தில் வீட்டோடு இருந்து தினமும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், இந்த வழிகளில் என் ஓட்டு இதற்குத்தான். சென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

## இறாலுக்குக் குத்தகை

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

முதலில் சட்டம். 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறால் பண்ணையாக மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் காந்தியவாதி ஜெகந்நாதன். அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் போராடிய களம் இதே நாகப்பட்டினம் கடற்கரைதான். பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடல், ஆறு, முகத்துவாரம், காயல் இவற்றின் உயர் அலைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் பண்ணை வைக்க ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவுக்கு ஆயுள் 5 வருஷம். விளைநிலத்தை மாற்றக்கூடாது என்பது அந்த ஆணையத்தின் நெறிமுறையிலும் இருக்கிறது. ஆகவே உங்கள் நிலம் கணக்கில் நஞ்சை என்றால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று குத்தகைக்காரர் சொன்னால், நாளை நோட்டீஸ் வரும்போது பட்டாவில் இருப்பது யார் பெயர் என்று யோசியுங்கள்.

அடுத்து தண்ணீர். 2009-இல் அனுமதித்த வெளிநாட்டு இனமான வனாமி இறால் 100 முதல் 120 நாளில் வளர்ந்துவிடும். முகத்துவாரத்திலிருந்தோ உப்புப் போரிலிருந்தோ தண்ணீர் ஏற்றுவார்கள். கோடையில் குளத்தில் உப்பு கூடும்போது நல்ல தண்ணீர் கலந்து குறைப்பார்கள். அந்த நல்ல தண்ணீரும் ஊரின் ஊற்றிலிருந்துதான் வரும். குளம் இரவு பகலாக நிறைந்தே நிற்பதால் கரையடியில் உப்பு கசிந்து பக்கத்து வயலுக்குப் போகும். அறுவடை முடிந்து குளத்தைத் திறந்தால் தீவன மிச்சமும் உப்பும் வடிகாலில் இறங்கும். கடைமடையில் வடிகால்தான் பல பேருக்குப் பாசன வாய்க்காலும் என்பது நமக்குத் தெரியும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரே வாரத்தில் குளமே செத்துவிடும். அப்போது குத்தகைக்காரர் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். நிலம் நம்மிடம்தான் இருக்கும்.

"சுனாமித் தண்ணீர் வந்த வயலே சரியாயிடுச்சே" என்று இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். 2004-இல் வந்த கடல் நீர் கொஞ்ச நாளில் வடிந்தது. அடுத்தடுத்த மழைகள் பல வயல்களைக் கழுவிவிட்டன. ஒரு அடி மண் வழியாக ஒரு அடி நல்ல தண்ணீர் இறங்கிப் போனால் கரையும் உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும் என்பது பொதுவான கணக்கு. ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர். நம் மழைக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் தண்ணீர் இறங்கிப் போகவேண்டும். வருஷக்கணக்கில் உப்புநீர் நின்று, இயந்திரத்தால் அழுத்திய களிமண் அடித்தளத்தில் தண்ணீர் இறங்காது. சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு நிலம் உவரிலிருந்து களராக மாறியிருக்கும். கரையை உடைக்க, சமன்படுத்த, ஜிப்சம் போட, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ, மறுபடி கழுவ என்று செலவு போகும். வாங்கிய குத்தகைப் பணத்தில் எத்தனை வருஷத்துப் பணம் இதற்கே போகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இறால் சரியாக வரும் நிலமும் இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி, அலை ஏறும் மட்டத்தில், பல வருஷமாக நெல் காணாத, விளைநிலமாகப் பதிவில்லாத, பக்கத்தில் வயலோ குடிநீர்க் கிணறோ இல்லாத இடம். அங்கேயும் பத்திரத்தில் இவற்றை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: ஆணையப் பதிவின் நகல், நல்ல தண்ணீர்ப் போர் போடக்கூடாது என்ற நிபந்தனை, கழிவுநீரை நிறுத்தித் தெளியவைக்கத் தனிக் குளம், தொடங்கும் நாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட மண் பரிசோதனை முடிவு, நிலத்தைத் திருத்திக் கொடுக்க ஒரு முன்பணம். உண்மையான பண்ணைக்காரர் இதற்கெல்லாம் தயங்கமாட்டார்.

## தென்னையும் சவுக்கும்

சுருக்கமாகச் சொல்கிறேன். மணல் கலந்த மேட்டு நிலத்துக்கு மட்டும். ஊரில் இல்லாதவர்களுக்குச் சவுக்கு வசதி, மூன்று நாலு வருஷத்தில் வெட்டிவிடலாம். தென்னை காய்க்க ஐந்தாறு வருஷம் காத்திருக்கவேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியபோது, முப்பது வருஷத்துத் தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. கரையில் பத்து மரம் வையுங்கள். மூன்று ஏக்கரையும் தென்னைக்கே கொடுக்காதீர்கள்.

## கேட்ட மூவருக்கும்

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு வடிகால் நன்றாக இருக்கிறது, மண்ணும் கெடவில்லை. சம்பாவும் உளுந்துமே போதும், போர் வேண்டாம் என்று சொன்னேன்.

தலைஞாயிறு நண்பரின் நிலத்தில் பாதி பள்ளம். அவர் மனைவி வீட்டோடு இருக்கிறார், ஆடும் கோழியும் வளர்க்கிறார். பள்ளத்தில் ஐந்தடிக் குட்டை, மீதியில் மேடு. இந்த வைகாசியில் ஒரு ஏக்கரில் மட்டும் ஆரம்பிக்கிறார்கள்.

கீழையூர் அக்காதான் கஷ்டமான இடத்தில் இருக்கிறார். இறாலுக்குக் கேட்டதே அவர் நிலத்தைத்தான். போய்ப் பார்த்தேன். நஞ்சை, சுற்றிலும் மூன்று பேருடைய சம்பா. உமரி ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. வயலிலிருந்து வடிகாலைப் பிடித்துக்கொண்டே கிழக்கே நடந்தோம். பாதித் தூரத்தில் வெங்காயத்தாமரை பாய் விரித்தது மாதிரி கிடந்தது. அதற்கு அப்பால் யாரோ வண்டி போக மண்ணைக் கொட்டி, அடியில் ஒரே ஒரு குறுகிய சிமெண்ட் குழாய் வைத்திருந்தார்கள். நாலு பேருடைய வயல் தண்ணீர் அந்த ஒற்றைக் குழாய் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். "இதனாலதான் மூணு வருஷமா அழுகுதா தம்பி?" என்று கேட்டார். சுற்றியிருக்கும் மூவரையும் அன்று சாயங்காலமே கூப்பிட்டுப் பேசினோம். பொக்லைன் வாடகையை நாலாகப் பிரித்துக்கொள்வது, பாதைக்காரரிடம் பேசி இரண்டு பெரிய குழாய் வைப்பது, ஆவணிக்குள் முடிப்பது என்று முடிவாயிற்று. குத்தகைக்காரருக்கு இந்த வருஷம் இல்லை என்று அக்காவே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.